வெதர்பி எல்லாமே தடையா? குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறேன். முறையான உரிமத்தோடு, அமெரிக்க நிறுவனமான வெதர்பியின் இரண்டு மார்க் ஃபைவ் ரைபிள் வைத்திருக்கிறேன். மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு .300 வெதர்பி மேக்னம். மற்றது .460 வெதர்பி மேக்னம். ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்குப் போகும் ஆசையில் 2016இல் வாங்கியது. வெதர்பி எல்லாமே தடை என்கிறார்கள். ஐந்து தோட்டா கொள்ளாத, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் துப்பாக்கியைப் போர்முனை ஆயுதம் என்பது நியாயமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், குழலில் .300 என்று பொறித்திருப்பதைப் பற்றிய கவலையை விடுங்கள் (அந்த எண் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில்). அந்தப் பேச்சு பெரும்பாலும் 2022 நவம்பரில் கிளம்பியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான சி-21 மசோதாவில் நடுவழியில் ஒரு திருத்தத்தையும், தடை செய்ய வேண்டிய துப்பாக்கிகளின் நீண்ட பெயர்ப் பட்டியலையும் அரசு தரப்பில் நுழைத்தார்கள். வேட்டைக்காரர்களும் பழங்குடித் தலைவர்களும் கொதித்ததும், 2023 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பட்டியல் போய்விட்டது, வதந்தி மட்டும் நின்றுவிட்டது.

உங்கள் .460ஐப் பிடிப்பது அதற்கும் முந்தைய, கூட்டரசின் 2020 மே 1 ஆணை. குழல் முனையில் 10,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரக்கூடிய எந்தத் துப்பாக்கியும் தடை என்கிறது அது. கையால் இழுப்பதா, தானாக நிரப்பிக்கொள்வதா என்ற பேச்சே அந்த விதியில் இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். .460இன் வழக்கமான 32.4 கிராம் குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 792 மீட்டர் வேகம்: சுமார் 10,160 ஜூல். வரம்பைத் தாண்டுவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு! உங்கள் .300 தருவது 5,700 அளவில்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் ராய் வெதர்பி இந்தத் தோட்டாவை உருவாக்கியதற்கு ஒரு காரணம், யானை, எருமை வேட்டைக்கு .40க்குக் குறையாத குண்டு வேண்டும் என்று ஆப்பிரிக்காவில் சில இடங்களில் சட்டம் இருந்ததுதான். அங்கே சிறிசு கூடாது, இங்கே பெரிசு கூடாது. தொலைதூர .50 ரகங்களுக்காகப் போட்ட வலையில் யானைத் துப்பாக்கியும் விழுந்தது என்பதுதான் என் எண்ணம். உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றங்களில் இதுவரை அது எடுபடவில்லை. 2023இல் கூட்டரசு நீதிமன்றமும், 2025இல் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆணை செல்லும் என்றே சொல்லிவிட்டன.

சரி, கையில் இருப்பதை என்ன செய்வது? தடைக்கு முன்பே வைத்திருந்தவர்கள் மீது வழக்கு வராத பொதுமன்னிப்புக் காலம் 2026 அக்டோபர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அதுவரை வீட்டில் குண்டு நீக்கிப் பூட்டி வைத்திருக்கலாம். சுட முடியாது, விற்க முடியாது, மகனுக்குக் கொடுக்கவும் முடியாது. ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவதும் நடக்காது. கெடுவுக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்கலாம், அங்கீகாரம் பெற்ற கடையில் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம், அல்லது சட்டப்படி ஒரேயடியாக நாட்டுக்கு வெளியே அனுப்பலாம். நஷ்டஈட்டுத் திட்டத்துக்குத் தனிக் கெடு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சிறிய குண்டுக்கான குழலாக மாற்றினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொதுமன்னிப்பு அந்த வேலைக்கு இடம் தருவதாக நான் எங்கும் படிக்கவில்லை. கனடா துப்பாக்கித் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் அதைக் காரில் ஏற்றவே வேண்டாம்.

'நீள் துப்பாக்கிப் பதிவேட்டைத்தான் 2012லேயே ஒழித்துவிட்டார்களே, என்னிடம் இருப்பது யாருக்குத் தெரியும்' என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். கெடு முடிந்தபின் வைத்திருப்பது குற்றவியல் வழக்கு. உரிமம் போனால் உங்கள் .300உம் சேர்ந்து போகும்.

எருமை ஆசை இன்னும் இருந்தால் .375 எச் அண்ட் எச் அல்லது .416 ரிக்பி பாருங்கள். இரண்டும் 7,000 ஜூலை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட மாடலை கூட்டரசுக் காவல்துறையான ஆர்.சி.எம்.பி.யின் துப்பாக்கி அட்டவணையில் தேடிவிடுங்கள். 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் தடைப் பட்டியல் நீண்டிருக்கிறது.