ஆம்ப் ஏன் சூடாகிறது, ட்வீட்டர் ஏன் எரிகிறது: மைக் செட்காரர்களுக்கான கேள்வி பதில்

ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் கொடைகளில் ஆம்ப்களுக்கு (ஆம்ப்ளிஃபயர்களுக்கு) ஓய்வே இருக்காது. சீசனுக்கு முன்னால் வந்த கேள்விகளில் அவசரமானவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, 400 வாட் பெட்டிக்கு 250 வாட் ஆம்ப்தான் போட்டேன். சின்ன ஆம்ப்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டது. எப்படி?

ஆம்ப் சின்னதாக இருந்ததால்தான் போயிருக்கும். கூட்டத்துக்குச் சத்தம் பத்தவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். ஆம்ப்பால் முடியாத கட்டம் வந்ததும் ஒலி அலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். முழுக்க வெட்டுப்பட்டால் 250 வாட் ஆம்ப்பிலிருந்தே இரண்டு மடங்கு வரை பவர் போகும். அதோடு, பாட்டில் இல்லாத கீச்சு ஒலிகள் புதிதாக உண்டாகி, ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ் ஓவர் வழியாக நேரே ட்வீட்டருக்குப் போய்ச் சேரும். பெட்டியில் எழுதியிருக்கும் 400 வாட் மொத்தப் பெட்டிக்கு. அதில் ட்வீட்டர் தாங்குவது சில பத்து வாட்தான். கழற்றிப் பாருங்கள், காயில் கருத்துப்போய் வார்னிஷ் தீய்ந்த வாடை வரும்.

கிளிப் லைட் எப்போதாவது ஒரு பேஸ் அடிக்குச் சிமிட்டினால் பரவாயில்லை. விடாமல் எரிந்தால் உடனே மிக்ஸரில் இறக்குங்கள். பெட்டியின் ஆர்எம்எஸ் வாட்டைப்போல் (தொடர்ந்து தாங்கும் வாட்) ஒன்றரை மடங்கு ஆம்ப் வாங்கி, சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர் போட்டு, அளவாக ஓட்டுவதுதான் என் பரிந்துரை. மிக்ஸரில் சத்தம் ஏற்றி இறக்கும் ஃபேடரைப் பையனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு லிமிட்டர் கட்டாயம் வேண்டும்.

ஆம்ப்பின் வால்யூமைப் பாதியில் வைத்தால் பாதி பவர்தானே வரும்?

இல்லை. அந்தக் குமிழ் உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. மிக்ஸரிலிருந்து பலமாக வந்தால் பாதியில் இருந்தாலும் முழுப் பவரும் வரும், கிளிப்பும் ஆகும்.

ஒரே சேனலில் 8 ஓம் பெட்டி நாலு போடலாமா?

பேரலலில் இரண்டு போட்டால் 4 ஓம், நாலு போட்டால் 2 ஓம். ஆம்ப்பின் பின்பக்கத்தில் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். பிரிட்ஜில் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக்கி) போடும்போது இன்னும் கவனம் வேண்டும்: 8 ஓம் பெட்டி ஒன்றைப் போட்டாலே ஒவ்வொரு சேனலும் 4 ஓம் சுமக்கிறது.

சார், கச்சேரி நடுவில் புரொடெக்ட் லைட் எரிந்து சத்தம் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் திரும்பவும் அதே கதை. மெக்கானிக்கிடம் கொண்டுபோகட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் ஆம்ப்பை ஆன் செய்யுங்கள். சில விநாடிகளில் ஸ்பீக்கர் இணைப்பைச் சேர்க்கும் சுவிட்சான ரிலே ‘டிக்’ என்று விழுந்து லைட் அணைந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டெர்மினலில் முறுக்கிய ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை விலகி, பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணுக்கு எளிதில் படாது, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கும் புரொடெக்ட் புகார்களில் நிறைய இந்த இழையில்தான் முடிகின்றன.

கைவைக்க முடியாத சூடு இருந்தால், ஃபேன் சுற்றுகிறதா, ரேக்கின் பின்பக்கத்தைத் துணி போட்டு மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒயர் இல்லாமல், ஆறிய பிறகும் லைட் எரிந்தால் மட்டும் மெக்கானிக். அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வந்திருக்கலாம். நல்ல ஆம்ப்பில் அது 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் பல பத்து வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கர் காயிலில் ஏறும். அதைத் தடுக்கத்தான் அந்த ரிலே. தயவுசெய்து ரிலேவை நேர் கட்டிவிட்டு ஓட்டாதீர்கள்.

ஜெனரேட்டரில் போட்டதும் இரண்டு ஆம்ப் ஒன்றாகப் போய்விட்டன அண்ணே.

மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரா? அப்படியானால் நியூட்ரல் லூசாகியிருக்க வாய்ப்பு அதிகம். நியூட்ரல் விட்டுப்போனால் சுமை குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் 300ஐத் தாண்டி 400ஐ நெருங்கும். பந்தலில் சில விளக்கு பளீரென்றும் சில மங்கியும் எரிந்தால் அதுதான் அறிகுறி. விளக்குகளையெல்லாம் போட்ட பிறகு, நீங்கள் செருகப்போகும் பாயிண்டிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 250ஐத் தாண்டினால் செருகாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

எர்த் பின்னைக் கழற்றினால் ஹம் (‘உம்’ என்ற இரைச்சல்) போய்விடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

கூடாது. மழையில் நனைந்த மேடையில், வெறுங்காலோடு மைக் பிடித்து நிற்பவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. மிக்ஸருக்கும் ஆம்ப்புக்கும் ஒரே பாயிண்டிலிருந்து கரண்ட் எடுங்கள், இரைச்சல் ஏறாத பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், கீபோர்டின் சிக்னலை அந்தக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் வையுங்கள். எர்த்தைத் தொடாமலே ஹம் போகும்.

30 மீட்டர் தூரத்துக்கு எந்த ஒயர்?

4 ஓம் சுமைக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் பெட்டிக்குப் போகும் பவரில் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். 2.5 போட்டால் இழப்பு 20 சதவீதம். முடிந்தால் ஆம்ப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சிக்னல் கேபிளை நீளமாக இழுங்கள். காசும் மிச்சம்.

தூசியை எப்படி எடுப்பது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ப்ளோவரால். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அதிவேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும். கரகரக்கும் வால்யூமுக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.

அவுட்புட் டிரான்சிஸ்டர்கள், 5200, 1943 ஜோடி எல்லாம் புதிதாகப் போட்டேன். ஆன் செய்த நொடியில் மறுபடி வெடித்துவிட்டது.

மூன்று விஷயம் பாருங்கள். டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சோதிக்காமல் அவுட்புட்டை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். டிரான்சிஸ்டருக்கு அடியில் கரண்ட் கசியாமல் வைக்கும் மைக்கா தகடு கிழிந்திருந்தாலும் ஹீட் சிங்க்கோடு ஷார்ட் ஆகும். இந்த ஜோடியில் போலி நிறைய. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்த முறை ஸ்பீக்கர் போடாமல், கரண்ட் லைனில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸாகக் கொடுத்து ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சிட்டு மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, ஆனால் புது டிரான்சிஸ்டர் தப்பியது. இது டிரான்ஸ்பார்மர் ஆம்ப்புக்கு மட்டும். எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை) ஆம்ப்பில் பல்பைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கைவைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கிய சார்ஜை 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். இறக்கியபின் மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பார்த்துவிட்டே உள்ளே கை விடுங்கள்.