‘ஓரமாப் போ’ என்கிறார்கள், ஓரம் எங்கே இருக்கிறது?

சாலைப் பணிகளில் மேற்பார்வையாளராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். இன்றும் பெரம்பூரிலிருந்து புரசைவாக்கம் மார்க்கெட்டுக்கு என் 22 இன்ச் ஹெர்குலஸில்தான் போகிறேன். போன இதழில் ஒரு பதிலின் நடுவே இதைச் சொல்லியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சைக்கிளைப் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

“என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். மூன்று மாதமாக அது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். பேப்பர் மில்ஸ் சாலையில் பஸ் போகிற போக்கைப் பார்த்தால் அனுப்ப மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?” – கொளத்தூரிலிருந்து ஒரு தாய்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. அதற்காக சைக்கிளைப் படிக்குக் கீழேயே விட்டுவிடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு பள்ளிவரை நடந்து போங்கள். பெரிய சாலை வேண்டாம், அதற்குப் பின்னால் ஓடும் தெருக்கள் வழியாகப் போய்ப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் பராமரிப்பில் பஸ் போகும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர்தான். உட்புறத் தெருக்களோ 5,000 கிலோமீட்டருக்கும் மேல். பஸ்ஸிலும் பைக்கிலும் போய்ப் பழகிய நமக்குப் பெரிய சாலையைத் தவிர வேறு வழி கண்ணில் படுவதில்லை. தெரு வழியாகப் போனால் அரை கிலோமீட்டர் கூடும், கூடட்டும். பெரிய சாலையை ஒரே ஒரு இடத்தில் கடக்கிற மாதிரி வழி அமைய வேண்டும். அந்த இடத்தில் சிக்னலோ காவலரோ இருக்க வேண்டும். அங்கே அவள் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கட்டும்.

குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியும் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வரையறுத்தது. இது பலருக்குத் தெரியாது. உங்கள் தெருவில் பைக்குகள் பறக்கின்றன என்றால் வேகத்தடை கேளுங்கள். ஆனால் சரியான அளவில் கேளுங்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் சைக்கிள் ஒரு சின்ன அலையில் ஏறி இறங்குவது போலப் போகும். வீட்டு வாசலில் அவரவர் சிமென்ட் குழைத்து ஒரு முழ அகலத்தில் கட்டுகிறார்களே, அது கார்க்காரரின் வேகத்தை ஒரு நொடி குறைத்துவிட்டு, சைக்கிள்காரரைக் கீழே தள்ளும்.

அப்புறம் சைக்கிள். பள்ளியில் கொடுத்தபடியே ஓட்டக் கூடாது. தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்து எல்லா நட்டையும் முடுக்கச் சொல்லுங்கள். என் தங்கை பேத்தியின் சைக்கிளில் முன் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே இல்லை. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் பிள்ளைகள் சீட்டை ரொம்பத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள், அதனால் முட்டி வலி வந்து ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடட்டும். புத்தகப் பை முதுகில் வேண்டாம், கேரியரில் கட்டட்டும்.

எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்க நாட்களில், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். அந்தப் பெண்களின் பேத்தி வயதில் இருக்கும் உங்கள் மகளுக்கு அரசு சைக்கிளையே கையில் கொடுத்திருக்கிறது. அது ஓடுவதற்கு சாலையில் ஓர் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொடுத்தது முழுமையாகும்.

“சைக்கிளில் தண்ணீர் கேன் போடுகிறேன். ஓரமாகப் போனால் பள்ளம், உள்ளே வந்தால் ஹாரன். சாலையில் ஓரம் மட்டும் ஏன் எப்போதும் மோசமாக இருக்கிறது?” – வியாசர்பாடியிலிருந்து ஓர் இளைஞர்

தம்பி, இதற்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

மழைநீர் வடிவதற்காக சாலையை நடுவில் சற்று உயர்த்தி, இரண்டு பக்கமும் சரித்துப் போடுவோம். அதனால் தண்ணீர், மணல், பாட்டில் சில்லு எல்லாம் ஓரத்துக்கு வந்து சேரும். தண்ணீர் நின்றால் தார் விட்டுப்போய் ஜல்லி பிரியும். கேபிளுக்குத் தோண்டுவதும் ஓரத்தில்தான், வடிகால் சல்லடை இருப்பதும் அங்கேதான். சல்லடையின் கம்பிகள் வண்டி போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் வைத்துவிட்டால் சைக்கிள் டயர் இடைவெளியில் இறங்கிக்கொள்ளும். சல்லடையைத் திருப்பி வைக்க ஐந்து பைசா கூடுதல் செலவு கிடையாது.

எல்லாவற்றையும் விட மோசம் அமுங்கிய சாக்கடை மூடி. சாலை போடும் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தார்க்கலவை ஏறும். பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் சாக்கடை மூடி அந்த அளவுக்குக் கீழே போகும். மூன்று முறை அப்படிப் போட்டால் அரைச் சாண் பள்ளம். மூடியை உயர்த்துவது தனி வேலை. மூடி உட்காரும் விளிம்புச் சட்டத்தைச் சுற்றி சிமென்ட் வைத்து, இறுக நாள் கொடுக்க வேண்டும். கலவை லாரியோ 150 டிகிரிச் சூட்டோடு வந்து நிற்கும், ஆறிவிட்டால் ரோலருக்கு மசியாது. ராத்திரி பதினொரு மணிக்கு மூடி வேலைக்காரர் வரவில்லை என்றால், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று போட்டுக்கொண்டே போய்விடுவார்கள்.

2009இல் வடசென்னையில் ஒரு சாலைக்கு நானும் அப்படிச் சம்மதித்தேன். மறு வாரம் விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவர் ஒருவர் அந்த மூடியில் விழுந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. பாக்கெட்டுகள் உடைந்து பால் சரிவில் ஓடி, அந்த மூடிப் பள்ளத்தில் வட்டமாகத் தேங்கி நின்றது. நாங்கள் உயர்த்தாமல் விட்ட ஆழம் எவ்வளவு என்பதை அந்தப் பால் காட்டியது. அதற்குப் பிறகு மூடி உயர்த்தாத எந்தச் சாலைக்கும் நான் அளவுப் புத்தகத்தில், அதாவது முடிந்த வேலையைப் பதியும் கணக்கில், கையெழுத்துப் போடவில்லை.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்குக் கண்டிப்பாக எழுதினார். அதை விடாமல் பின்பற்றினால் உங்கள் ஓரம் பாதி சரியாகிவிடும்.

அதுவரை, ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஓரத்தை ஒட்டிப் போய், பள்ளத்தைக் கண்டதும் சட்டென்று உள்ளே வெட்டுவதுதான் பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். இருபது லிட்டர் கேன் இருபது கிலோ. ஒரு பக்கம் மட்டும் மாட்டாதீர்கள்.

“வெளிநாட்டில் இருப்பது போல சென்னையில் சைக்கிள் பாதை போட முடியாதா? போட்டாலும் கார் நிறுத்திவிடுவார்களே!” – அசோக் நகரிலிருந்து ஒரு வாசகர்

முடியும் சார். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014இலேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்ட நகரம் இது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நடைபாதைகளில் பலன் தெரிந்தது. 2019இல் தி. நகர் பாண்டி பஜார் நடப்பவர்களுக்கான இடமாக மாறியதை எல்லோரும் பார்த்தோம். சைக்கிள்காரரின் முறைதான் இன்னும் வரவில்லை.

வெறும் வெள்ளைக் கோட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடு போட்ட அன்று மாலையே அது பார்க்கிங் ஆகிவிடும். நடைபாதைக்குக் கீழே, சாலைக்கு மேலே என்று தனி உயரத்தில், இடையில் ஒரு கருங்கல் விளிம்போடு, இரண்டு மீட்டர் அகலத்தில் வர வேண்டும். ஸ்பெயினில் செவில் என்றொரு ஊர், நம் ஊரைப் போலவே வெயில் கொளுத்தும் ஊர். 2006க்குப் பிறகு நாலைந்து வருடத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதையை, ஒன்றோடொன்று இணையும்படி போட்டார்கள். கார் நிறுத்தி வைத்திருந்த இடங்களைத்தான் எடுத்தார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத சைக்கிள் பயணம் ஆறு, ஏழு என்று உயர்ந்தது. இணைத்துப் போட்டார்கள் என்பதுதான் முக்கியம். அழகான ஒரு கிலோமீட்டரைப் போட்டு, அது முடிகிற இடத்தில் லாரிகளுக்கு நடுவே இறக்கிவிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு நடக்கிறது. தடுப்பு வைத்துத் தோண்டிய சாலைகளை எப்படியும் புதிதாகத்தான் போட்டாக வேண்டும். நிலையத்தைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதையை அந்த வேலையோடு சேர்த்தால் தனியாக இடிக்க வேண்டியதில்லை. இதைத் தவறவிட்டால் அந்தச் சாலைகளை இன்னும் இருபது வருடத்துக்குத் தொட மாட்டார்கள்.

“பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இரவுக் காவல். கண்ணகி நகரிலிருந்து சைக்கிளில் போய்வருகிறேன். முறைப்படி போனால் யூ டர்னுக்காக ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாக வந்தால் போலீஸ் திட்டுகிறார். வயது அறுபத்திரண்டு.” – ஒரு காவலாளி

ஐயா, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரை அந்தச் சுற்று சுற்றச் சொல்வது அநியாயம். கார்க்காரருக்கு அது இரண்டு நிமிடம், கால் மிதித்துப் போகிறவருக்கு வேறு கணக்கு. ஆனாலும் எதிர்ப்பக்கமாக ஓட்டாதீர்கள். உங்களை எதிர்பார்க்காமல் இடது பக்கம் திரும்புகிற வண்டி அடித்துவிடும். நடப்பவர்கள் கடக்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர், மட்கார்டில் வெள்ளை பெயின்ட், சட்டையின் மேல் சித்தாள்கள் போடுகிற அந்தப் பளபளக்கும் மேல்சட்டை. இந்த மூன்றும் இல்லாமல் இரவில் கிளம்ப வேண்டாம். சாலையின் மீடியனைத் திட்டமிடுகிறவர்களுக்கு என் கோரிக்கை ஒன்று: காருக்கான திறப்பை அடைக்கும்போது, சைக்கிளும் மனிதனும் நுழைகிற அளவுக்கு ஒன்றரை மீட்டரை விட்டுவைத்து, அங்கே சிக்னல் வையுங்கள்.

“சைக்கிள்காரர்கள் வரியும் கட்டுவதில்லை, வழியும் விடுவதில்லை. கார் ஓட்டுகிற எங்கள் கஷ்டம் உங்களுக்குப் புரிகிறதா?” – அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்

புரிகிறது. நெரிசலில் நிற்பது கஷ்டம்தான். ஆனால் உங்கள் முன்னால் போகும் அந்த சைக்கிள் ஒரு காராக மாறினால் நீங்கள் இன்னும் பின்னால்தான் நிற்பீர்கள். உங்கள் வீட்டுக்குக் காலையில் பால் கொண்டுவருகிறவர், இரவு கேட்டைத் திறந்துவிடுகிறவர், மேஸ்திரிக்குக் கையாளாக வருகிறவர், இவர்களில் எத்தனை பேர் சைக்கிளில் வருகிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அவர்கள் வாங்குகிற ஒவ்வொரு பொருளிலும் வரி இருக்கிறது.

உங்களால் ஆகிற ஓர் உதவி உண்டு. காரை நிறுத்தியதும் வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார்.

“எங்கள் தெருவில் மூடி அமுங்கிக் கிடக்கிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் நடக்குமா?” – திரு.வி.க. நகரிலிருந்து ஒரு வாசகி

மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ சொல்லலாம். சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ‘எங்களுடையது இல்லை’ என்ற பதில் வந்தால், எந்தத் துறை என்று எழுத்தில் கேளுங்கள்.

‘சாலை மோசம்’ என்று மட்டும் எழுதினால் எங்கே வருவது என்று தெரியாது. எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், எந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில், ஓரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி என்று எழுதுங்கள். பள்ளத்துக்கு மேலே ஒரு கம்பை நேராகக் கிடத்தி, ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள். அளவு தெரிகிற படத்தைத் தள்ளிவைப்பது கஷ்டம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தண்ணீர் நின்றால் பள்ளமே கண்ணுக்குத் தெரியாது, அதனால் செப்டம்பருக்குள் அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரத்தில் ஆள் வரவில்லை என்றால், அதே புகார் எண்ணைப் போட்டு மறுபடியும் அனுப்புங்கள். என் தெரு மூடிக்கு நான்கு முறை அனுப்பினேன். ஐந்தாவதை எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் கடப்பாரைச் சத்தம் கேட்டது.