மாடு பார்ப்பது மனைவி, பால் சங்கத்தில் உறுப்பினர் நான். உறுப்பினர் பெயரை அவளுக்கு மாற்றுவதால் என்ன லாபம் என்று கேட்கிறீர்களா?

லாபம் மாட்டுக்குத்தான். பெண்ணுரிமைப் பேச்சு என்று தாண்டிப் போய்விடாதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

மாடு பருவத்துக்கு வந்தது முதலில் யாருக்குத் தெரியும்? விடியலில் கறக்க உட்காருபவருக்கு. விடாமல் கத்தும், பால் குறையும், வாலடியில் கண்ணாடி மாதிரி கோழை தொங்கும். காலையில் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஊசிக்காரர் நம்பர் உங்கள் போனில், நீங்களோ வேலையில். இரவில் சேதி கேட்டு மறுநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டால் பருவம் தாண்டியிருக்கும். அடுத்தது 21 நாள் கழித்து. அதுவரை தீவனம் தண்டம், திட்டு மட்டும் ஊசிக்காரருக்கு.

மடிநோயும் இப்படித்தான். கறப்பவர்தான் முதலில் பார்ப்பார்: முதல் இரண்டு மூன்று பீச்சை கறுப்புத் துணியில் விட்டால், நோய் இருக்கும் பால் திரிதிரியாகத் தெரியும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் போட்டு அரைமணி நேரமாவது மாட்டைப் படுக்கவிடக் கூடாது. காம்புத் துளை அதுவரை திறந்தே இருக்கும், சாணியில் பட்டால் கிருமி ஏறும். நோய் வந்துவிட்டால் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்து நாளைக்குப் பத்து தடவை பூசச் சொல்வார்கள். பூசப்போவது மனைவி, பயிற்சியில் குறிப்பெடுத்தது கணவர்!

செய்ய வேண்டியது: மனைவி பெயரில் சங்கத்தில் பங்குத்தொகை கட்டி, அவர் பெயரிலேயே பால் ஊற்றுங்கள். பணம் அவருடைய தனிக் கணக்குக்கு வரட்டும். ஏடிஎம் கார்டு உங்கள் சட்டைப்பையில் இருந்தால் ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம். மாட்டின் காதில் போட்டிருக்கும் அடையாள வில்லையின் 12 இலக்க எண்ணோடு பதிந்திருக்கும் உரிமையாளர் பெயர், போன் நம்பரையும் மாற்றுங்கள். காப்பீடு ஒரு பெயரில், வில்லை இன்னொரு பெயரில் என்றால் மாடு செத்த பிறகு அலைய வேண்டிவரும்.

எல்லா ஆண்களையும் சொல்லவில்லை; குறை ஏற்பாட்டிலும் இருக்கிறது. பெண்களுக்குத் தொழில் பயிற்சி தர மத்திய அரசின் ஸ்டெப் திட்டம் 1986-87லேயே வந்தது; அதில் பெண்களுக்கென்றே பால் சங்கங்களும் அமைந்தன. ஆனாலும் பயிற்சி இன்றைக்கும் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில், காலை பத்து முதல் மாலை வரை. மூன்று மணிக் கறவையை விட்டு எந்தப் பெண் வருவாள்? வரவில்லை என்றால் ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

மனைவியைப் பயிற்சிக்கு அனுப்பும் நாளில் மத்தியானக் கறவை உங்களுடையது. நான்கைந்து நாள் முன்பே கூட உட்கார்ந்து பழகுங்கள். புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும்.