கோட்டைக்குப் போகலாம் வா

அன்புள்ள ஐயா,

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. வரும் புதன்கிழமை இருவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. சின்னவனுக்கு ஒரே நாளில் மூன்று ஊசி என்கிறார் நர்ஸ். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. போன முறை அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன். வாரம் ஒன்றாகப் பிரித்துப் போடலாமா? மாமியார் வேறு, "எங்க காலத்துல இத்தினி ஊசி ஏது?" என்கிறார். பெரியவளிடம் பொம்மைக் கடைக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

பிரிக்க வேண்டாம். தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல், போலியோ மூன்றும் ஒன்பதாம் மாதத்தில் ஒரே நாளில் போடுவதற்கென்றே அட்டவணையில் இருக்கின்றன. பிரித்தால் பிள்ளை மூன்று புதன்கிழமை அழுவான், அதுவரை நோயிலிருந்து பாதுகாப்பும் தள்ளிப்போகும். போட்டு முடிந்ததும் மடியில் போட்டுப் பால் கொடுங்கள். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மாமியார் சொல்வது சரிதான், அவர் காலத்தில் இத்தனை ஊசி இல்லை. என் வகுப்பில் ஒருவன் முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடந்து வருவான். பெஞ்சில் அவனுக்கு எப்போதும் ஓரத்து இடம். அதுவும் அவர் காலம்தான். இயற்கையாகப் பரவும் போலியோவுக்கு இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரில் அந்தக் கைக்குழந்தைகளைத் தூக்கி வந்தவர்களும் உங்களைப் போன்ற அம்மாக்கள்தான். அவர்களுக்கு மட்டும் வயிறு கலங்கியிருக்காதா?

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை என்னால் தாண்ட முடியவில்லை. பொம்மைக் கடை.

1979 இருக்கும், எனக்கு ஆறு வயது. "கோட்டைக்குப் போலாம் வாடா, அகழியில மீன் காட்டறேன்" என்று அம்மா பஸ் ஏற்றினாள். வழியெல்லாம் மீனையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்கி நடந்து போய் நின்ற இடத்தில் ஸ்பிரிட் வாசனை. எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. "வலிக்காதுடா கண்ணு" என்றாள். வலித்தது. அந்த வலி சாயங்காலமே போய்விட்டது. அம்மா பொய் சொன்னாள் என்பது போகவில்லை. அடுத்த வருஷம் பொருட்காட்சிக்குக் கூப்பிட்டபோதும் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று கத்தினேன்.

வெகுநாள் கழித்து அவளிடமே கேட்டேன். கைமேட்டில் இருந்த இரண்டு வட்டத் தழும்புகளைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனுக்கே பயம்டா. எங்க ஊருக்கு அம்மை குத்த வந்தப்போ நான் வைக்கப்போருல பூந்துகினேன். இஸ்துகினு வந்து குத்தினாங்க. அத உங்கிட்ட எப்பிடிச் சொல்றது?" தன் பயத்தை மறைக்கத்தான் கோட்டையும் மீனும். அந்தத் தழும்பு என் மகளுக்கு இல்லை. பெரியம்மை இந்தியாவில் ஒழிந்ததாக 1977இல் அறிவித்தார்கள், அதனால் அவளுக்குத் தேவைப்படவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் அம்மா. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வலிக்காது என்று நீங்கள் சொல்லி, வலித்துவிட்டால், அதன் பிறகு இருட்டில் பயமில்லை, பள்ளிக்கூடத்தில் பயமில்லை என்று நீங்கள் சொல்வதை அவள் எதை வைத்து நம்புவாள்? இன்னொன்று. சோறு ஊட்டும்போது, "சாப்பிடலைன்னா நர்ஸ் ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வெயிலில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வரும் பெண்ணைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, புதன்கிழமை அவரிடமே கையை நீட்டு என்றால் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் அழுதது தப்பில்லை. அழுதுகொண்டும் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தீர்களே, அது போதும்.

இன்று ராத்திரியே மகளிடம் சொல்லுங்கள்: "புதன்கிழமை ஊசி போடப் போறோம். சுருக்குன்னு வலிக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நான் மடியில வெச்சுப் புடிச்சுக்கறேன். அழணும்னா அழு." அவள் இப்போதே அழுவாள், அழட்டும். ஊசி முடிந்து அந்த அரைமணி நேரமும் ஆனபிறகு, சொன்னபடி பொம்மைக் கடைக்கும் கூட்டிப் போங்கள்.