பட்டறைப் பதில்கள்: சிக்னலில் ஏறும் முள்

கேள்வி: என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். 90,000 கி.மீ. தாண்டிவிட்டது. திண்டிவனம் வரை 90-ல் விரட்டினாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் சாயங்காலம் பல்லாவரத்திலிருந்து கத்திப்பாரா வருவதற்குள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஏசியிலும் வெறும் காற்றுதான் வருகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார், பலன் இல்லை. இப்போது ரேடியேட்டரை மாற்ற வேண்டும், ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) வேலைகூட வரலாம் என்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள் சார். பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும். நின்றுவிட்டால் அதற்கு ஃபேனை விட்டால் வேறு நாதி கிடையாது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ வாட்டர் பம்ப் போயிருந்தாலோ, ஹைவேயில் விரட்டும்போதும் மேடு ஏறும்போதும் முள் கிளம்பியிருக்கும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏசியும் இன்ஜினும் சேர்ந்து மக்கர் பண்ணினால் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றைத்தான்.

பட்டறைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே ஒன்று பாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுவிட்டு, பானட்டைத் திறந்து காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியாக வேண்டும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று கிளம்பும்.

சுற்றவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்டை விடுகிற ஸ்விட்ச். ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசே ஆகாத சோதனை. இரண்டும் சரி, மோட்டாருக்குக் கரண்டும் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டினதும் கிளம்பினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஏசிக்குச் சுற்றுகிறது, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சரையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுற்றுகிறதா? அப்படியும் விட்டுவிடாதீர்கள். ஒரு நியூஸ்பேப்பர் தாளை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற வண்டியில் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஒயரை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. தாள் ஒட்டாமல் சோம்பலாகத் தொங்கினால் மோட்டார் வலுவிழந்திருக்கலாம். அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைப்பு. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி இரண்டையும் பிரித்தால் தூசியும் பூச்சியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி உரிந்து வரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினம் ஓடுகிற வண்டியில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, சாதாரண ஹோஸில் அடிக்கச் சொல்லுங்கள். பிரஷர் வாஷை நேராகக் காட்டினால் ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கி, இருந்த வழியும் போய்விடும். பம்பர் இடித்து டிங்கரிங் பார்த்த வண்டியா? ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் ஃபேன் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

அந்தத் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அதைக் கழற்றிக் கடாசுவது ஒரு வியாதி. அது ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக சுமார் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கிற கதவு. அதை எடுத்துவிட்டால் காலையில் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் கெடும். ‘ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம் சார்’ என்று, எப்போதும் சுற்றும்படி ஒயர் கொடுப்பதும் அதே ஜாதி. கோளாறு அப்படியே இருக்கும், மோட்டார்தான் சீக்கிரம் போகும்.

நடுவழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. இன்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள்ளே இறங்கிவிடும். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரமாவது தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கிற தண்ணீர், மூடியைத் திருகியதும் முகத்தில் பீய்ச்சும். கொதிக்கிற இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அப்புறம் உங்கள் மெக்கானிக் சொன்ன செலவு நிஜமாகவே வந்துவிடும்.

கேள்வி: கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வழியில் ஆபத்துக்கு ஊற்றலாம், இன்ஜின் ஆறிய பிறகு. வாடிக்கையாக வேண்டாம். உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்க்குள் பாறையாகப் படியும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால் முழுவதும் வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள். கெட்டிக் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம்.

கேள்வி: வாரத்துக்கு ஒரு தடவை கூலன்ட் குறைகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. எங்கே போகிறது?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கம்மா. வெடித்திருந்தால் ஆவியாகவே போய்விடும்; புது மூடி சில நூறு ரூபாயில் முடியும். அடுத்து, முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக, இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டருக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர் கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே காபி நிறத்தில் நுரையா? வண்டி ஓடும்போது கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழியா? வெயில் ஏறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகையா? அப்படியென்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற சீல், ஹெட் கேஸ்கட்தான் போயிருக்கிறது. வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.