கேள்வி - பதில்: பாக்தாத் திருடனை ஊருக்கு ஊர் விற்ற வழி

கேள்வி: டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' ஊமைப்படத்தை முதன்முதலில் நாடக அரங்கில்தான் திரையிட்டார்களாமே, ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உண்மைதான். 1924 மார்ச் 18 அன்று நியூயார்க் 42-ஆம் தெருவிலுள்ள லிபர்டி தியேட்டரில் படம் வெளியானது. அது நாடகத்துக்குக் கட்டிய அரங்கு. 1915-இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்துக்கு 2 டாலர் வரை டிக்கெட் போட்டதும் அங்கேதான். சினிமாவுக்குச் சில்லறைக் காசு கொடுத்துப் பழகியவரிடம் நாடக விலை கேட்க வேண்டுமென்றால், இடமும் உபசாரமும் நாடகத்தைப் போலவே இருந்தாக வேண்டும். அதனால் நாளுக்கு இரண்டே காட்சி, எண் போட்ட இருக்கை, முன்பதிவு, இடைவேளை, ஆர்க்கெஸ்ட்ரா. இந்த முறைக்கு ரோடுஷோ என்று பெயர்.

திறப்பு விழாவை நடத்தியவர் நாடகத் தயாரிப்பாளர் மாரிஸ் கெஸ்ட். அரங்கில் முரசு ஒலித்தது, வாசனை கமழ்ந்தது. இருக்கை காட்டும் ஆட்கள் அரபு உடையில் வந்து, இடைவேளையில் பெண்களுக்குத் துருக்கிக் காபி நீட்டினார்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. படத்தை வெளியிட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகவே விற்றது. மற்ற பெரிய கம்பெனிகளைப் போல 'இந்த நல்ல படம் வேண்டுமா, கூடவே இந்தப் பத்தையும் எடு' என்று தியேட்டர்காரர் தலையில் கட்டுவதில்லை. ஆகவே ஒற்றைப் படத்துக்குப் பெரிய வாடகை கேட்க, பெருநகரத்தில் எழுந்த பேச்சு கையில் இருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: சிறிய ஊர் தியேட்டர்காரருக்கு விளம்பரச் சாமான் என்னென்ன வந்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் வருவது பிரஸ்புக், அதாவது விளம்பரக் கையேடு. பத்திரிகைக்கு அப்படியே கொடுக்கத்தக்க செய்திகள், விளம்பர மாதிரிகள், போஸ்டர்களின் சிறு படங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஓர் எண். எண்ணைச் சொல்லிக் கேட்டால் காகிதக்கூழ் அச்சு வரும். உள்ளூர் அச்சகத்தில் அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றினால் பிளாக், அதாவது விளம்பரப் படத்தை அச்சிடும் தகடு, தயார். ஓவியரும் வேண்டாம், பிளாக் செய்ய வெளியூர் போகவும் வேண்டாம்.

போஸ்டருக்கு அளவுதான் பெயர். 1 ஷீட் 27க்கு 41 அங்குலம், 3 ஷீட் 41க்கு 81, 6 ஷீட் 81க்கு 81. தெருமுனைப் பலகைக்கான 24 ஷீட் ஏறக்குறைய 9 அடி உயரம், 20 அடி அகலம். பெரியவை பல துண்டுகளாக வரும். ஒட்டும்போது மேல் துண்டின் ஓரம் கீழ்த் துண்டின்மேல் படிய வேண்டும். மாற்றி ஒட்டினால் மழைநீர் இடுக்கில் இறங்கிப் பசை விட்டுவிடும்.

தியேட்டர் முகப்புக்கு 11க்கு 14 அங்குல லாபி கார்டு, செட்டுக்கு 8. கடைக் கண்ணாடிக்குள் வைக்க 14க்கு 22 அங்குல அட்டை. இதன் மேற்பகுதி வெறுமையாக வரும். தியேட்டர் பெயரும் தேதியும் உள்ளூரில் அச்சிட வேண்டும். திரையில் காட்ட 3¼க்கு 4 அங்குலக் கண்ணாடி ஸ்லைடு, அதிலும் தேதிக்கு இடம் விட்டிருப்பார்கள். கடைக்காரருக்கு இரண்டு இலவச டிக்கெட் கொடுத்தால் அட்டை கண்ணாடியின் நடுவில் நிற்கும், கொடுக்காவிட்டால் மூலைக்குப் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு செய்தும் சில ஊர்களில் ஜனங்கள் முகம் சுளித்தது ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் ஓட்டிய வேகத்தால். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படங்கள். 12,000 அடிப் படத்தை வினாடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் 200 நிமிடம், 20-இல் 160, 24-இல் 133. மாலையில் இரண்டு காட்சி போட்டே தீர வேண்டுமென்று முதலாளி நெருக்கினால் ஆபரேட்டர் வேகத்தைக் கூட்டுவார். போஸ்டரில் அத்தனை கம்பீரமாக மிதந்த பறக்கும் கம்பளம் திரையில் வெடுக்கென்று ஓடும். கம்பிகட்டி, கிரேனில் தொங்கவிட்டு அதை மெல்ல நகர்த்திய உழைப்பு முழுவதும் வீண். ஊமைப்படத்துக்கு அரங்கிலேயே இசை வாசிக்கும் பியானோக்காரரின் நிலையும் திண்டாட்டம்தான். எந்தக் காட்சிக்கு எந்த இசை, எத்தனை நிமிடம் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும். 16-க்குக் கணக்கிட்டதை 24-இல் ஓட்டினால், 3 நிமிட இசைக்குரிய காட்சி 2 நிமிடத்தில் போய்விடும். சண்டை இசை காதல் காட்சியின்மேல் ஏறும்.

இதற்குச் சரியான வழி ஒன்றே. படத்தின் நீளத்தைப் பார்த்து முதலில் காட்சி நேரத்தைத் தீர்மானித்து, 'பிற்பகல் 2.30, இரவு 8' என்று எல்லா அட்டையிலும் அச்சிட வேண்டும். குறையும் காட்சிக்கு ஈடாகக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கூடுதல் நாள் ஓட்டலாம்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் இந்தப் படத்தின் போஸ்டர் கிடைத்தது. அசலா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இருக்க வாய்ப்பு உண்டு. ஊமைப்படக் காலத்தில் இந்தியாவிலும் சக்கைப்போடு போட்ட படம் இது. முதலில் அளவெடுங்கள். 27க்கு 41 என்றால் அமெரிக்க 1 ஷீட். படுக்கைவாட்டில் 30க்கு 40 என்றால் இங்கிலாந்து அளவு. பிறகு பூதக்கண்ணாடியில் வண்ணத்தைப் பாருங்கள். கல் அச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் அந்நாள் முறையில், சாக்பீஸ் தேய்த்தாற்போல் ஒழுங்கற்ற மணிமணியாகத் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகளாக இருந்தால் பெரும்பாலும் பிற்கால மறுபதிப்பு. மடிப்புக்கோடு இருப்பது குறையல்ல, அந்நாளில் மடித்துத்தான் அனுப்பினார்கள். பிசின் டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.