விடியும்வரை ஒரு கூத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். விடுமுறை என்றால் ஏற்காடு, இல்லாவிட்டால் சினிமா என்று சலித்துப்போய், போன வருஷம் ஜலகண்டாபுரம் பக்கம் ஓர் ஊரில் 'திரௌபதி துகில்' கூத்து என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளோடு போனோம். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை வெறும் மேளம்தான். அப்புறம் வந்த வேஷங்கள் பாடியதும் ஒலிபெருக்கி இரைச்சலில் புரியவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டோம். பங்குனியில் பெங்களூரிலிருந்து வரும் நண்பர்கள் கூத்து பார்க்கவேண்டும் என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது? இதையே சேலத்துக்குள் இரண்டு மணி நேரமாகச் சுருக்கி நடத்தினால் என்ன?

ம., சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மணிக்குக் கிளம்பினீர்கள் என்றால் துகிலைப் பார்க்காமலே வந்துவிட்டீர்கள். துச்சாதனன் பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வருவதற்குப் பெரும்பாலும் மூன்று மணி ஆகிவிடும். இரணியன் கூத்தில் தூண் பிளக்கும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். கனமான கட்டம் பின்னிரவில் வரும்படிதான் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் இரவைப் பிரித்து வைத்திருப்பார். ஆகவே பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போனால் போதும். பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும். ஊர்க்காரர்களே "துகிலுக்கு எழுப்பு" என்று பக்கத்தில் சொல்லிவைத்துவிட்டுக் களத்தில் படுத்துக்கொள்வார்கள்.

வெறும் மேளம் என்று நீங்கள் சொல்வது களரி கட்டுவது. இன்றைக்கு இங்கே கூத்து என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சொல்வதும், வேஷக்காரர்கள் ஒப்பனையை முடிக்க நேரம் கொடுப்பதும் அதுதான். முன்னதாகப் போய்விட்டால் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு ஒப்பனைக் கொட்டகையை எட்டிப் பாருங்கள். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அவரவரே முகம் எழுதிக்கொண்டிருப்பார்கள். கோடு இழுக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடையற்ற மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தவை. கயிறு தளர்ந்தால் சுற்றி ஆடும்போது கட்டை நழுவும். இறுகினால் பாட மூச்சு வராது. அதனால்தான் கட்டை கட்டிவிடும் கைக்கு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அத்தனை மரியாதை.

கூத்தை வேஷம் வேஷமாகப் பார்க்கவேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று கதையைத் துரத்தினால் அலுத்துப்போகும். ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால்தான் வரும். இருவர் துணியைப் பிடித்திருக்க, கீழே சலங்கைக் கால், மேலே கிரீடத்தின் நுனி, நடுவில் குரல். முகம் தெரிய நேரமாகும். திரை விலகியதும், கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியக்காரன் "யார் நீ?" என்று கேட்பான். வந்தவன் தன் குலம், பெருமை எல்லாம் சொல்லி, கிறுக்கி என்னும் வேகச் சுழற்சி ஆடி, தன் தர்பாரை நிலைநாட்டிய பிறகே கதை நகரும். துரியோதனன் தன் பெருமையைப் பாட எடுத்துக்கொள்ளும் அந்த நேரம் வீண் அல்ல. பின்னால் சபையில் பெரியவர்கள் பலரும் அவனை எதிர்த்து வாய் திறக்காதது அதனால்தான் நமக்கு உறைக்கிறது.

வார்த்தை புரியவில்லை என்கிறீர்கள். ஒரே செய்தி தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தமாக வரும், தாளத்தோடு பாடும் தருவாக வரும், கடைசியில் வசனமாகவும் வரும். வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் ஓடி ஆடாமல் உட்கார்ந்து பாடுவதால் சொல் தெளிவாக விழும். காதை அவர்கள் பக்கம் வையுங்கள். எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். கூம்பு ஒலிபெருக்கிகள் ஊரைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கும், அவற்றுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தால் இரைச்சல்தான். ஆட்டக்களத்திலிருந்து 15, 20 அடிக்குள், வாத்தியக்காரர்கள் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். முகவீணையும் மிருதங்கமும் நேராகக் காதுக்கு வரும்.

உண்மையில் பாதிக் குற்றம் ஒலி அமைப்பின் மேல்தான். எக்கோவைத் திருகி வைத்துவிடுகிறார்கள். வேகமான தருவில் முந்தின எழுத்து அடுத்ததன் மேல் ஏறி, எல்லாம் கூழாகிவிடுகிறது. எக்கோவை முழுக்க நிறுத்திவிட்டு, முன்பக்கம் இரண்டு மைக் தொங்கவிட்டு, ஆர்மோனியத்தைக் குறைத்து வைத்தாலே சொல் மீண்டுவிடும். ஊர்ப் பெரியவர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

கதையை நண்பர்களுக்கு முன்பே அரை மணி நேரம் சொல்லிவிடுங்கள். வியாச பாரதம் போதாது. சபதம் தீரும்வரை கூந்தலை முடிப்பதில்லை என்று பாஞ்சாலி சொல்வதில்தான் இங்கே கதையின் உயிர் இருக்கிறது. பல ஊர்களில் துகிலுக்கு முன் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேஷக்காரர் மன்னிப்புக் கேட்டுக் கும்பிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் ஃபிளாஷ் வேண்டாம், எழுந்து நடமாடவும் வேண்டாம். பணம் கொடுப்பதானால் காட்சி நடுவே நீட்டாதீர்கள். கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திப் பெயர் சொல்ல வேண்டியிருக்கும். விடிந்த பிறகு வாத்தியார் கையில் ஜமாவுக்கென்று கொடுங்கள்.

இரண்டு மணி நேரக் கூத்து பற்றி: எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் நகரத்துக்குள் வேறு வழியும் குறைவு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு விலக்கு தந்தாலும் நள்ளிரவு வரைதான். சுருக்கியே தீரவேண்டும் என்றால் முழு இரவையும் பிழிந்து கொடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் வரவும் கிறுக்கியும் மிஞ்சும், வேஷங்கள் எதிரெதிர் நின்று பேசும் தர்க்கம் போய்விடும். கூத்தில் அறிவு வேலை செய்யும் இடமே தர்க்கம்தான். சூது தொடங்கித் துகில் வரை மட்டும் என்று ஒரு துண்டைக் கேளுங்கள், எங்கே வெட்டுவது என்பதை வாத்தியாரிடம் விடுங்கள். நூறு பேர் அரைவட்டமாக உட்கார்ந்தால் மைக்கே தேவைப்படாது. 20 அடிக்கு 20 அடி மண் தரை வேண்டும். சிமெண்டில் குதித்தால் முழங்கால் போய்விடும். புழுதிக்குத் தண்ணீரைச் சாயங்காலமே தெளித்துவிடுங்கள், ஆடும் நேரத்தில் தெளித்தால் வழுக்கும். குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லு மினுங்காது. முன்பக்கம் உயரத்தில் மஞ்சள் ஒளி தரும் இரண்டு மூன்று குவிவிளக்குகள் போதும்.

பங்குனியில் ஓமலூர், மேச்சேரி, எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் மாரியம்மன், திரௌபதியம்மன் பண்டிகைகளை விசாரியுங்கள். கோயில் தர்மகர்த்தாவிடம் கேட்கவேண்டியவை மூன்று: எந்த இரவு, எந்தக் கதை, யாருடைய ஜமா. மழை வந்தாலோ ஊரில் சாவு விழுந்தாலோ தள்ளிப்போகும். புறப்படும் அன்று மதியம் மறுபடி விசாரித்துவிடுங்கள். நடுராத்திரியில் திரும்பப் பேருந்தை நம்பாதீர்கள். விடிந்து முதல் பேருந்தில் வரலாம் என்று நண்பர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.